மச்சத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

'காலில் இருந்த கறுப்பு மச்சத்தை ஆபரேஷன் செய்து எடுத்தாச்சு. இப்போ வயிற்றை ஏன் பார்க்கணும் டாக்டர்?' என்று கேட்பீர்கள். சாதாரண மச்சமென்றால் பார்க்க வேண்டாம். 'மெலனோமா' என்கிற தோல் புற்றுநோய் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தோலுக்கு நிறம் தருகிற செல்களில் தோன்றுவது இது. வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். நோய் உடம்புக்குள் பரவி 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். (மச்சத்தில் சுண்ணாம்பும் காரமும் வைத்துச் சுடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்!)

இந்த நோய் ரத்தத்தின் வழியே போய்ச் சிறுகுடலில் உட்கார்ந்துகொள்ளும். தோலில் எடுத்துப் பல வருஷம் கழித்துக்கூட இப்படி வரலாம். மெலனோமாவில் இறந்தவர்களைப் பரிசோதித்ததில், 100-க்கு 60 பேர் வரை உணவுப்பாதையில் பரவியிருந்தது தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 5 பேருக்கும் குறைவு. காரணம், ஆரம்பத்தில் வலியே இருக்காது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். முகம் வெளுக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். நாங்கள் பாண்டு என்போம். நீங்கள் 'சோகைதானே' என்று பேரீச்சம்பழம் வாங்கி வருவீர்கள்!

மலத்தைக் கவனியுங்கள். அன்னபேதி செந்தூரமோ இரும்பு மாத்திரையோ சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் கெட்டியாக இருக்கும். ரத்தம் கசிந்தால் தார் மாதிரி பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். சந்தேகமாக இருந்தால் செந்தூரத்தைக் காரணம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, வாந்தி என்றால் குடல் அடைப்பாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப் சிறுகுடலின் ஆரம்பத்தை மட்டும்தான் எட்டும். 'நார்மல்' என்று வந்தாலும், பழைய மெலனோமா கதையைச் சொல்லி சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.

வைத்தியம் உண்டு. கட்டியுள்ள குடல் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். 2011 முதல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்மேல் ஏவும் ஊசிகள் வந்துவிட்டன. அதற்கு அடிப்படையான ஆராய்ச்சிக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இந்த நோய்க்கு அங்கேதான் போக வேண்டும்.

ஒன்று மட்டும். அந்த ஊசி போடும்போது, சிலருக்குக் குடல் புண்ணாகிப் பேதியாகும். மாதுளை ஓட்டுக் கஷாயம் வைத்து வீட்டிலேயே நிறுத்தப் பார்க்காதீர்கள். ஊசி போட்ட டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள். சாப்பிடுகிற சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.