சினிமாப் பக்கம் எழுத வந்திருக்கும் உனக்கு

கண்ணு, நம் இடதுசாரி மாத இதழில் சினிமாப் பக்கம் இனி உன்னுடையது என்றார்கள். நிறைவாக இருந்தது. அந்தப் பக்கத்தோடு சேர்த்து உன்னிடம் ஒப்படைக்க என்னிடம் சில சொற்கள் இருக்கின்றன. அதிரடிப் படங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறேன். நம் தோழர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

1. காசு கொடுத்து டிக்கெட் எடு. முதல் நாள் கூட்டத்தோடு உட்கார்ந்து பார். ஷிஃப்ட் முடித்து வந்து விசிலடிப்பவனை மயக்கத்தில் கிடப்பவன் என்று எழுதிவிடுவது சுலபம். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் என்னிடம், "எங்க சூப்பர்வைசரை என்னால அடிக்க முடியாதுங்க தோழர். திரையில ஹீரோ அடிக்கறாரு, பார்த்துக்கறேன்" என்றார். திரையில் நடப்பது தன் கம்பெனியில் நடக்காது என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரை மதிக்காத விமர்சனம் எத்தனை தத்துவம் பேசினாலும் அவர் கைக்குப் போய்ச் சேராது.

2. அந்தத் தொழிலாளியின் கோபம் மெய். அதன் பலனை யார் அறுவடை செய்கிறார்கள் என்று மட்டும் விடாமல் கேள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) எம்.ஜி.ஆர். சவுக்கெடுத்தபோது தியேட்டரில் இருந்த ஏழைகளுக்கு அது தங்கள் கைச் சவுக்காக இருந்தது. 1977-இல் அவர் முதல்வரானார். 1980-81-இல் வட ஆற்காடு, தருமபுரிப் பகுதியில் நக்சலைட் இளைஞர்கள் 'மோதல்' என்ற பேரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஆட்சி அவருடையதுதான். ஏழைகள் ஏன் அவரைக் கைவிடவில்லை என்ற கேள்வியை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஒரு நூலாகவே எழுதினார். அதைத் தேடிப் படி. வெறுப்பில்லாமல் கடுமையாகக் கேள்வி கேட்பது எப்படி என்று அதில் கற்றுக்கொள்ளலாம்.

3. போலீஸ் படத்தைப் பற்றி எழுதும் நாளில் அன்றைய செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள். பிடிபட்டவன் கழிவறையில் வழுக்கி விழுந்தான், கையில் மாவுக்கட்டு என்று புகைப்படத்தோடு செய்தி வரும். தப்பியோடும்போது அரிவாளால் தாக்கினான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று வரும். காவல் நிலையம் சொன்னதைக் கேள்வியில்லாமல் அச்சேற்றும் நிருபரும், அதையே பின்னணி இசையோடு எடுக்கும் இயக்குநரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். செத்தவன் வீட்டு வாசலுக்கு இருவருமே போவதில்லை. நம்மைப் போன்ற சிறிய பத்திரிகைகள் இருக்க வேண்டிய காரணம் அந்த வாசல்தான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைபட்டு இறந்தார்கள். 'சாமி', 'சிங்கம்' படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அந்த அறிக்கையைக் கேலி செய்தவர்கள் உண்டு. நீ செய்யாதே. பெரிய படம் எடுக்கும் ஒருவர் அப்படிச் சொல்வது அரிது. அந்த வருத்தத்துக்குப் பின் திரையில் என்ன மாறியது என்று கேட்பதே உன் வேலை. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் போலீஸ் காவல் அனுபவத்தை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதை 'விசாரணை'யாக்கினார். ரஜினிகாந்தை வைத்தே 'வேட்டையன்' (2024) என்கவுன்டரைக் கேள்வி கேட்டது. இப்படியும் எடுக்க முடியும் என்பதை வாசகருக்குக் காட்டு. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் தனி விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் வகுத்த நெறிமுறைகளையும் படித்து வை. சினிமா விமர்சகருக்குச் சட்டம் எதற்கு என்பவர்களிடம் வாதாட வேண்டாம்.

4. வணிக சினிமாவைத் தொட்டால் தீட்டு என்று நினைக்காதே. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தொடங்கிய 'ஜனசக்தி' இதழில் கவிதை எழுதியவர். வாள்சண்டைப் படமான 'நாடோடி மன்னன்' (1958) வழியாகவும் அவர் பாட்டு கிராமங்களுக்குப் போனது.

5. சண்டைக் காட்சியைப் பார்க்கும்போது அடி வாங்கி விழுகிறவரையும் பார். 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் கார் கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். நாயகனின் சம்பளம் தலைப்புச் செய்தி ஆகும் ஊரில் இவர்களுக்கு என்ன இழப்பீடு, யார் தரும் காப்பீடு என்பது பெரும்பாலும் மூலைச் செய்திதான். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இங்கே சினிமாத் தொழிலாளர் சங்கம் கட்டப் பாடுபட்ட இடதுசாரிகள். அவர்கள் விட்ட இடத்தில் உன் பேனா தொடரட்டும்.

6. பட விளம்பரம் கேட்டுப் போகாதே. வந்தால், விமர்சனம் எழுதுகிறவர் அந்தப் பேச்சில் இருக்கக் கூடாது. சந்தாவும் நண்பர் நன்கொடையும் அச்சகக் கடனுமாக ஓடும் இதழுக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். சுதந்திரப் பத்திரிகை என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டால் போதாது. பக்கம் கட்டுகிறவருக்கும் அச்சகத்துக்கும் முதலில் கூலி கொடுத்துவிட வேண்டும். திரைப்பட முதலாளியைச் சுரண்டல்காரன் என்று எழுதும் இதழ் தன் ஆளுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தால் அந்த எழுத்துக்கு நாவில்லை.

7. நம் அரசியலைப் பேசும் படத்தை அதிகக் கவனத்தோடு அணுகு. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். மே 30 அன்று அங்கே போன ரஜினிகாந்த், சமூக விரோதிகள் புகுந்ததுதான் காரணம் என்றார். ஜூன் 7 அன்று வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'காலா'வில் அதே நடிகர் தாராவி மக்களின் நிலத்துக்காகப் போராடினார். படம் பேசிய நிலவுரிமை நமக்கு நெருக்கமானது. நான் அதை மனதார விரும்பினேன். ஆனால் அந்தப் பேச்சையும் படத்தையும் ஒரே பக்கத்தில் எழுதும் நெஞ்சுரம் உனக்கு வேண்டும். நம் தோழர்களே கோபப்படுவார்கள். படட்டும்.

8. எழுதியதை அச்சகத்தில் மடிப்பு வேலை செய்யும் அக்காவிடம் வாசித்துக் காட்டு. அந்தப் படத்தை உனக்கு முன்பே அவர் பார்த்திருப்பார். மறுத்துப் பேசினால் உட்கார்ந்து கேள்; சரியென்று பட்டால் அவர் சொன்னதையும் கட்டுரையில் சேர்.