வருவோரும் வாழ்வோரும்

நுழையும்முன்

விருந்தோம்பல் தமிழரின் தொன்மையான பண்பு. இன்று அது பலருக்கு வாழ்வளிக்கும் தொழிலுமாகும். வரும் விருந்தினருள் எவரும் விலக்கப்படாமலும் அவர் வந்துசெல்லும் இடம் கெடாமலும் காக்க, சுற்றுலாத் தொழிலில் உள்ளோர் கற்க வேண்டியவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னைக்குத் தென்மேற்கே அமைந்த திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி மகிழுந்து, சரக்குந்து, மின்னணுப் பொருள்கள் முதலியவற்றை உருவாக்கும் தொழில் மண்டலமாகும். கொரியா, ஜப்பான் முதலிய நாடுகளின் பொறியாளர்கள் இங்கு வந்து தங்குகின்றனர். இராமானுசர் பிறந்த ஊராதலால் அடியார்களும் வருகின்றனர். இவர்களை வரவேற்கும் விடுதிப் பணியாளர், ஓட்டுநர், வழிகாட்டி ஆகியோரின் செயலே ஊரின் முகமாகிறது.

ஏரி தரும் பாடம்

இவ்விருந்தினர் விடுமுறையில் காணச் செல்லும் இடங்களுள் ஒன்று, தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல். பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலந்து வயலுக்கு உரமாவதை உணர்ந்த உழவர்கள், அப்பறவைகளை வேட்டையாட விடாமல் காத்தனர். அவ்வுரிமையை ஆங்கில ஆட்சியினர் 1798ஆம் ஆண்டிலேயே ஏற்றனர். தீபாவளியன்றும் வெடி வெடிக்காமல் ஊரார் அவற்றைப் பேணுகின்றனர். 2022இல் இவ்விடம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

வண்டியின் ஒலிப்பானோ உரத்த குரலோ அடைகாக்கும் பறவையை அச்சுறுத்தலாம். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டைகள் காகத்திற்கு இரையாகலாம். பறவைகள் வாராதொழிந்தால் வயலும் வளம் இழக்கும். ஆதலால் ஒலியெழுப்பாது வண்டியை நிறுத்துதல், தொலைநோக்கியால் காணச் செய்தல், நெகிழிக் குப்பையை விட்டுவராதிருத்தல் ஆகியவை ஓட்டுநரும் வழிகாட்டியும் பெற வேண்டிய பயிற்சியாகும்.

கேட்டு உதவுதல்

திருமந்திரத்தை அனைவரும் அறியுமாறு திருக்கோட்டியூரில் இராமானுசர் உரைத்தார் என்பது வைணவ மரபு. எவரையும் விலக்காத அவ்வுள்ளம் சுற்றுலாவிற்கும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களை அவர்கள் தடையின்றி அணுகுவதை உரிமையாக்கியுள்ளது.

ஓரடி உயரத்திற்குச் சாய்தளம் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் இருத்தல் வேண்டும். அதனினும் செங்குத்தானால் சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் துணையின்றி ஏறுதல் அரிது. பார்வையற்ற விருந்தினரின் தேவையை உடன்வந்தவரிடம் வினவாது அவரிடமே வினவுதல் வேண்டும். "நான் உதவலாமா?" எனக் கேட்டு, அவர் இசைந்த பின்னரே கைகொடுத்தல் முறையாகும்.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே செல்வதற்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலால் சேதமுற்றுப் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. வசதியை அமைத்தலோடு அதைப் பேணுதலும் கடமை என்பதை இது உணர்த்துகிறது. குறித்த நாளில் வழி திறந்துள்ளதா என முன்னரே அறிந்து விருந்தினருக்குச் சொல்வதும் பணியாளரின் பொறுப்பேயாகும். கடலைக் காணும் விருப்பத்தோடு நெடுந்தொலைவு வந்தவர், மணலின் விளிம்பிலிருந்தே திரும்ப நேரிடலாகாது.

தெரிந்து தெளிவோம்

உலகச் சுற்றுலா நாள் செப்டம்பர் 27. 2016ஆம் ஆண்டில் அந்நாளின் கருப்பொருள் 'அனைவருக்கும் சுற்றுலா' என்பதாகும். வளர்ச்சிக்கான நிலைத்த சுற்றுலா ஆண்டாக 2017ஐ ஐ.நா. அவை அறிவித்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுற்றுலா இடம் ஒன்றில் சாய்தளம், கழிப்பறை, குடிநீர், குப்பை அகற்றும் முறை ஆகியவை எவ்வாறு உள்ளன எனக் கண்டறிந்து, ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.