கயிற்றுக்கு வெளியே நிற்பவர்

அன்புள்ள யாழினிக்கு,

மாமா எழுதுவது. பள்ளி இறகுப்பந்து அணியில் உன்னை இரட்டையர் பிரிவுக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷப்பட வாய் திறப்பதற்குள், "அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடலண்ணா" என்றும் சொன்னாள். ஒற்றையரில் இடம் கிடைக்காமல் மிஞ்சியவர்களைச் சேர்த்து ஜோடி ஆக்கிவிட்டார்கள் என்று அழுதாயாம்.

கோடை விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "ரெண்டு பேருக்குச் சேர்த்து எதுக்கு மாமா ஒரு பெல்ட்? தனியா ஜெயிக்க முடியாதவங்களுக்கா?" என்றாய். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது சாதாரணக் கேள்வி அல்ல என்று இப்போது தெரிகிறது. அதற்கு நல்ல பதில் மெக்சிகோவில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

மெக்சிகோக்காரர்கள் தங்கள் மல்யுத்தத்தை 'லுச்சா லிப்ரே' என்பார்கள். கட்டற்ற சண்டை என்று பொருள். சல்வதோர் லுத்தெரோத் என்பவர் அரசு வரித்துறையில் வேலை பார்த்தவர். 1929-இல் வேலை நிமித்தமாக எல்லையோர நகரமான சியுதாத் ஹுவாரெஸுக்குப் போனவர், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் எல் பாசோ ஊரில் மல்யுத்தம் பார்த்து அதில் மனதைப் பறிகொடுத்தார். 1933 செப்டம்பர் 21-ஆம் தேதி மெக்சிகோ நகரில் தன் நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். அந்த நிறுவனம் இன்றும் சி.எம்.எல்.எல். என்ற பெயரில் நடக்கிறது. இப்போது இயங்கும் மல்யுத்த நிறுவனங்களில் உலகிலேயே மூத்தது அதுதான்.

இதில் யார் ஜெயிப்பார்கள் என்பது முன்கூட்டியே முடிவானது. உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும், அரங்கில் தொண்டை கிழியக் கத்தும் மெக்சிகோப் பாட்டிகளுக்கும் தெரியும். ஆனால் கயிற்றின் மேலிருந்து பாய்கிறவரின் எடை நிஜம். விழுகிற தரை நிஜம். தாங்கிப் பிடிக்கிற கைகள் நிஜம். 2015 மார்ச்சில் திஹுவானா நகரில் பெர்ரோ அகுவாயோ ஜூனியர் என்ற பெயர்பெற்ற வீரர் போட்டியின் நடுவிலேயே அடிபட்டு இறந்துபோனார். அதனால் இதை வெறும் நடிப்பு என்று ஒதுக்கிவிடாதே. உடலை ஒருவர் கையில் இன்னொருவர் ஒப்படைத்து ஆடுகிற ஆட்டம் இது.

நல்ல முறையில் ஆடுபவரை 'டெக்னிகோ' என்றும், முரட்டுத்தனமாக விதிமீறி ஆடுபவரை 'ரூடோ' என்றும் சொல்வார்கள். ஜோடிக்குப் பெயர் 'பரேஹா'. ஜோடிகள் மோதுகிற போட்டியை 'ரெலேவோஸ்' என்கிறார்கள். தொடர் ஓட்டத்தில் கட்டையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கி ஓடுகிறாரே, அந்தச் சொல்தான் இதுவும்.

ஆனால் மெக்சிகோவில் ஒரு வித்தியாசம் உண்டு. நீ டிவியில் பார்க்கும் அமெரிக்க மல்யுத்தத்தில் கூட்டாளியின் கையைத் தொட்டால்தான் அவர் உள்ளே வரலாம். மெக்சிகோவில் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பவர் மேடையை விட்டு வெளியேறித் தரையில் கால் வைத்தாலே போதும், கூட்டாளி நுழைந்துவிடலாம். இதனால் ஆட்டம் வேகமாகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் நடக்கிறது. 'என்னைத் தொடு, வருகிறேன்' என்று வெளியே கை நீட்டிக்கொண்டு நிற்க வழியில்லை. கயிற்றுக்கு வெளியே நிற்பவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டாளி எப்போது களைக்கிறார், எப்போது விழப்போகிறார் என்பது அவர் சொல்லாமலே இவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த நாட்டின் முதல் பெரிய ஜோடிக்குப் பட்டமே கிடையாது என்றால் நம்புவாயா? 1940-களில் எல் சாந்தோ, கோரி கெரேரோ இருவரும் சேர்ந்து ஆடினார்கள். வெள்ளி முகமூடி அணிந்த சாந்தோ பிற்காலத்தில் சினிமாவிலும் நடித்து, மெக்சிகோவின் ஒவ்வொரு வீட்டிலும் அறியப்பட்ட பெயரானார். அந்தக் காலத்தில் இருவருமே ரூடோக்கள். 'லா பரேஹா அதோமிகா', அணுசக்தி ஜோடி என்று அவர்களுக்குப் பெயர். சேர்ந்து ஆடியபோது அவர்கள் தோற்றதே இல்லை என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். நாட்டின் ஜோடிப் பட்டம் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் கோரி தன் கூட்டாளிக்கு ஒன்றைக் கொடுத்தார். எதிராளியைக் குப்புறக் கிடத்தி, முதுகில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்துப் பின்னால் வளைக்கிற பிடி அது. குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் இருப்பதால் மெக்சிகோவில் அதற்குக் குதிரையை வைத்தே பெயர். கோரி உருவாக்கிய அந்தப் பிடிதான் சாந்தோவின் அடையாளமாகவே ஆனது. தான் கண்டுபிடித்த வித்தையைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்து, அவர் அதனால் புகழ் பெறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனசு வேண்டும், யாழினி.

அதே காலத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. ப்ளூ டீமன், ப்ளாக் ஷேடோ. 'ஷேடோ சகோதரர்கள்' என்று மேடையேறினார்கள். உண்மையில் அண்ணன் தம்பி அல்ல. 1952 நவம்பர் 7-ஆம் தேதி அரீனா கொலிசியோ என்ற அரங்கில் சாந்தோவும் ப்ளாக் ஷேடோவும் முகமூடியைப் பந்தயம் வைத்து மோதினார்கள். தோற்றவர் எல்லார் முன்னிலையிலும் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். மெக்சிகோவில் ஒரு வீரருக்கு அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. ப்ளாக் ஷேடோ தோற்றார். அவமானப்பட்ட கூட்டாளிக்காகக் கிளம்பினார் ப்ளூ டீமன். மறு வருஷமே சாந்தோவைத் தோற்கடித்து உலக வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். அது ஒற்றையர் பட்டம்தான். ஆனால் அந்த வெற்றியின் வேர் ஒரு ஜோடியில் இருக்கிறது. கூட்டாளி இழந்ததைக் கண்ட ப்ளூ டீமன், தன் முகமூடியைச் சாகும்வரை யாரிடமும் இழக்கவில்லை.

இந்த ஜோடிகள் மக்கள் மனதில் இடம்பிடித்த பிறகுதான், 1957-இல் மெக்சிகோவின் தேசிய ஜோடிப் பட்டம் உருவானது. பட்டம் ஜோடிகளை உண்டாக்கவில்லை. ஜோடிகள்தான் பட்டத்தை உண்டாக்கினார்கள். அதைக் கண்காணித்தது மெக்சிகோ நகரக் குத்துச்சண்டை, மல்யுத்த ஆணையம். அங்கே தேர்வில் தேறி உரிமம் வாங்கினால்தான் ஒருவர் மல்யுத்த வீரராகவே ஆக முடியும். 'தேசிய' என்ற பெயருள்ள பட்டங்கள் மெக்சிகோ நாட்டவருக்கு மட்டும்.

ஒரு குறையையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. இந்தப் பட்டம் பிறந்த அந்த 1950-களில்தான் தலைநகரில் பெண்கள் மல்யுத்தம் ஆடத் தடை போட்டார்கள். 1986 வரை அந்தத் தடை நீடித்தது. அத்தனை வருஷமும் பெண்கள் வெளியூர்களில் ஆடி இந்தக் கலையை விடாமல் காப்பாற்றினார்கள். உன்னை ஜோடியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீ அழுதாய். மேடையேறவே விடாத காலத்தில் அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

1960-களில் அந்தத் தேசியப் பட்டத்துக்காக மோதியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. 'கலகக்காரர்கள்' என்று பெயரெடுத்த ரெனே குவாஹார்தோவும் கார்லோஃப் லகார்தேவும் அதை வைத்திருந்தார்கள். அப்போது டெக்னிகோவாக மாறியிருந்த சாந்தோ, ராயோ தெ ஹலிஸ்கோவுடன் சேர்ந்து அதை வென்றார். தனியாக அத்தனை பட்டங்களையும் பார்த்துவிட்ட சாந்தோவுக்கே இந்த பெல்ட் வேண்டியிருந்தது. உன் கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

மீதிப் பதில் ஆன்ஹெல் பிளாங்கோ, டாக்டர் வாக்னர் இருவரின் கதையில் இருக்கிறது. வெள்ளை முகமூடியும் வெள்ளை உடுப்புமாக வருவதால் அவர்களை 'வெள்ளை அலை' என்றார்கள். அவர்களும் தேசிய ஜோடிப் பட்டத்தை வைத்திருந்தவர்கள்தான். எல் சோலிடாரியோ என்ற வீரர் ஒரு காலத்தில் அவர்களுடன் மூன்றாவது ஆளாக இருந்தார். பிறகு பகையானார். 1972-இல் ஆன்ஹெல் பிளாங்கோவின் முகமூடியையும், 1985-இல் டாக்டர் வாக்னரின் முகமூடியையும் பறித்தவர் அந்த சோலிடாரியோதான். இரண்டு முகமூடிகள் போயும் ஜோடி பிரியவில்லை.

1986 ஏப்ரல் அந்த மூவரையும் ஒரே மாதத்தில் அடித்தது. மாதத் தொடக்கத்தில் சோலிடாரியோ இறந்தார். 26-ஆம் தேதி, போட்டிக்காகக் காரில் போய்க்கொண்டிருந்த 'வெள்ளை அலை' விபத்தில் சிக்கியது. ஆன்ஹெல் பிளாங்கோ அங்கேயே இறந்துபோனார். டாக்டர் வாக்னர் பிழைத்தார். ஆனால் முதுகில் பட்ட அடியால் அதன்பின் மேடையேறவே முடியவில்லை. ஒரே மேடையில் நின்றவர்கள், ஒரே பெல்ட்டைப் பகிர்ந்தவர்கள், ஒரே வண்டியில் போனவர்கள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

1992-இல் அந்தோனியோ பெஞ்ஞா என்பவர் மூத்த நிறுவனத்திலிருந்து பிரிந்து 'ட்ரிபிள் ஏ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தேசிய ஜோடிப் பட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பட்டம் போன சி.எம்.எல்.எல்., 1993-இல் உலக ஜோடிப் பட்டம் என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தியது. அதை முதலில் வென்றவர்கள் யார் தெரியுமா? எல் கனெக்கும் டாக்டர் வாக்னர் ஜூனியரும். ஆம், அந்த விபத்தில் முடங்கிப்போனவரின் மகன்தான். அப்பா கூட்டாளியோடு வென்றது பழைய பட்டம். மகன் கூட்டாளியோடு வென்றது புதிய பட்டம்.

அந்தப் புதிய பட்டத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி சாந்தோவின் மகனும் நெக்ரோ காசாஸும். 'எல் ஹிஹோ தெல் சாந்தோ' என்றால் சாந்தோவின் மகன் என்றே பொருள். அதுதான் அவர் மேடைப் பெயர். முகமூடி இல்லாத வீரர்கள் தலைமுடியைப் பந்தயம் வைப்பார்கள். நெக்ரோ காசாஸ் 1987-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் 1997-இல் மெக்சிகோ நகரிலும் இரண்டு முறை சாந்தோவின் மகனிடம் தோற்று, கூட்டத்தின் நடுவே மொட்டையடிக்கப்பட்டவர். அந்த இருவரும் 1999-இல் ஜோடியாகி, பெஸ்தியா சல்வாஹே, ஸ்கார்பியோ ஜூனியர் ஜோடியிடமிருந்து பட்டத்தை வென்றார்கள். அதே வருஷம் மார்ச்சில் அதே எதிராளிகளோடு முகமூடியும் தலைமுடியும் பந்தயம் வைத்து மறுபடியும் ஜெயித்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் மோதியவர்களுக்கு ஒருவரின் பலமும் பலவீனமும் இன்னொருவருக்கு அத்துப்படி. அந்த அறிவைத் திருப்பிப் போட்டால் அது துணையாகிவிடுகிறது. உன்னோடு ஜோடி சேர்த்திருக்கும் பெண், போன வருஷம் உன்னைத் தோற்கடித்தவள் என்று உன் அம்மா சொன்னதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மெக்சிகோக்காரர்கள் ஜோடியை இன்னும் பல விதமாகச் சோதித்துப் பார்த்தவர்கள். 'தற்கொலை ரெலேவோஸ்' என்று ஒரு போட்டி உண்டு. அதில் தோற்ற ஜோடியின் இருவரும் அடுத்ததாகத் தங்களுக்குள் மோத வேண்டும், முகமூடியையோ தலைமுடியையோ பந்தயம் வைத்து. தோற்றால் கூட்டாளியே எதிரி. இதற்கு நேர்மாறாக, 1994 முதல் 'கிரான் அல்தெர்னாதிவா' என்றொரு தொடர் நடக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு மூத்தவர், ஒரு புதியவர். பெயர்பெற்றவர் பெயர் தெரியாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். பிற்காலத்தில் நட்சத்திரமான பலரை ரசிகர்கள் முதலில் கவனித்தது அந்தத் தொடரில்தான்.

நீயும் இந்த வரலாற்றின் ஒரு துண்டைப் பார்த்திருக்கிறாய். என் போனில் பழைய போட்டி ஒன்றைக் காட்டினேனே, முகமூடி போட்ட ரே மிஸ்டீரியோவும் எட்டி கெரேரோவும் 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஜோடிப் பட்டம் வென்றது. அந்த எட்டி வேறு யாரும் இல்லை, கோரி கெரேரோவின் கடைசி மகன். பட்டமில்லாத அந்த அணுசக்தி ஜோடியில் சாந்தோவுக்குத் தன் பிடியைக் கொடுத்தாரே, அவருடைய மகன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஜோடிப் பட்டம் தனியாக ஜெயிக்க முடியாதவர்களின் ஆறுதல் பரிசு அல்ல. சாந்தோ, ப்ளூ டீமன், நெக்ரோ காசாஸ் எல்லாரும் தனியாக ஜெயிக்கத் தெரிந்தவர்கள். தனியாக ஆடும்போது உன் ஆட்டம் உனக்குத் தெரிந்தால் போதும். ஜோடியாக ஆடும்போது இரண்டு பேரின் ஆட்டமும் உனக்குத் தெரிய வேண்டும். எப்போது முன்னால் பாய்வது என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது விலகி இடம் விடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் வருஷங்கள் ஆகும். அதற்காகத்தான் அந்த பெல்ட்டைக் கொடுக்கிறார்கள்.

நாளை மைதானத்துக்குப் போனதும் அந்தப் பெண்ணிடம் நீயே முதலில் பேசு. அவள் எந்தப் பக்கம் வேகம், எந்தப் பக்கம் தடுமாறுகிறாள் என்று ஒரு வாரம் கவனி. அவள் தடுமாறும் இடத்தில், அவள் கூப்பிடுவதற்கு முன்பே நீ நில்.

சாப்பாட்டை விடாதே.

அன்புடன்,
மாமா