மலைமேல் மனை: இளந்தரகரை நம்புதல் எங்ஙனம்?

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில் நம் குடும்பத்தார் சிலர் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக்குச் சென்றிருந்தோம். அங்குப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களுடன், கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்த, வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்த செய்தியை அது கூறுகின்றது. கொடுத்தவர் யார், எதற்கு, எவ்வளவு என்பன ஐயத்திற்கு இடமின்றி அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

அவ்விடத்தில்தான் நம்முடன் வந்த உறவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தம் எண்ணத்தை வெளியிட்டார். கொடைக்கானல் பக்கம் 15 சென்ட் நிலம் பேசி முடித்திருப்பதாகவும், மறுநாள் மூன்று இலட்சம் ரூபாய் முன்பணம் கொடுக்கப் போவதாகவும் கூறினார். எழுத்து உண்டா என வினவினோம். "எதற்கு? பையன் நம்மவன். அவன் தாத்தாவை வந்தவாசியில் எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார். அப்பணம் அவருடைய பணிக்கொடையில் எஞ்சியிருந்த பகுதி.

நம் மக்கள் நிலம் அறியாதவர் அல்லர். செஞ்சியிலும் ஆரணியிலும் வந்தவாசியிலும் தலைமுறை தலைமுறையாக நஞ்சை, புஞ்சை கண்டவர்கள். ஆனால் மலை நிலம் வேறு. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலிலுள்ள மலைக் கிராமங்களில் மனைப்பிரிவு அமைக்கவும் கட்டடம் எழுப்பவும் தனி இசைவுமுறை உண்டு. மரம் வெட்டுதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கின்றது. தனியார் காடு என அறிவிக்கப்பட்ட நிலமாயின் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதியின்றி விற்கவே இயலாது. கொடைக்கானலில் அனுமதிக்கு மேல் தளங்கள் எழுப்பிய விடுதி ஒன்றின் வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றதைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். பணம் செலவழித்துக் கட்டிவிட்டோம் என்பது அங்கே காப்பாகவில்லை.

மறுநாள் மலைப்பாதை வழியே மேலே சென்று அத்தம்பியைக் கண்டோம். வயது இருபத்துநான்கு இருக்கலாம். பணிவான பேச்சு. நம்மவர் என்பதால் நமக்கும் உள்ளூர மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சிதான் ஆராயும் கண்ணை முதலில் மூடுவது என்பதையும் உணர்ந்தோம். தரகர் அனைவரும் ஏமாற்றுபவர் எனக் கொள்வது அநீதி. நம் இனத்தவர் ஆதலின் ஏமாற்றார் எனக் கொள்வதோ, தாத்தாவின் நாணயத்தைப் பேரனின் கணக்கில் வரவு வைப்பதாகும்.

இளந்தரகரிடம் இரண்டு தனித்தனியே நோக்கத்தக்கன: அவர் பொய் சொல்வாரா என்பது ஒன்று, அவர் சொல்வது அவருக்கே தெரியுமா என்பது மற்றொன்று. பெரும்பாலும் கேடு விளைவது இரண்டாவதில்தான். இளையவர் வேறொரு மூத்த தரகரின் சொல்லை நம்பி, அதையே நம்மிடம் உண்மையாகக் கூறுவார். அவர் முகத்தில் பொய்யின் சாயலே இராது, பொய் அவருடையதன்று.

2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவுக்குரிய மனைத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர் தம்மையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவைத் தமிழ்நாட்டுக் குழுமத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் ஒருவர் தம் பூர்வீக நிலத்தைத் தனியே விற்குமிடத்து இச்சட்டம் காவல் நிற்பதில்லை. நம் உறவினர் பேசியது அத்தகைய நிலமே. ஆகவே பதிவு அட்டையைக் கேட்பதோடு அமையாமல் வேறு சில வினாக்களையும் தொடுத்தோம். கமிஷன் யாரிடம் பெறுகிறீர் என்றோம். இருபுறமும் என்றார், மறைக்கவில்லை. வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு உண்டா என்றோம். 13 ஆண்டுக்கு மட்டும் வைத்திருந்தார். பட்டா யார் பெயரில் என்றோம். ஒரு மூதாட்டியின் பெயரில்; அவர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு மூத்த தரகர் விற்பதாகச் சொன்னார்.

அம்மூதாட்டி உயிருடன் இருக்கிறாரா என்பதே நம் அடுத்த வினா. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அவ்வதிகாரமும் முடிந்துவிடும். அதிகாரப் பத்திரத்தின் வழியே மட்டும் நடக்கும் கைமாற்றம் உரிமையைத் தராது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது. முறையாகப் பதிவு செய்த கிரயப் பத்திரம் இன்றியமையாதது.

தம்பி சற்றுத் தயங்கினார். பிறகு, "தெரியவில்லை ஐயா. ஊருக்குப் போய் விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். வேறொருவர் மாலையில் பணத்துடன் வருவதாகச் சொல்லிச் சற்று முன்னர் அவசரப்படுத்தியவர் அவரே என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையன்று. உறவினர் நம்மைச் சினந்தார். பிள்ளையை அவமானப்படுத்திவிட்டோம் என்றார். அன்றிரவு விடுதியில் எவரும் நன்றாக உண்ணவில்லை.

இரவு ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மூதாட்டி முந்திய ஆண்டே காலமாகிவிட்டார், வாரிசுகள் ஐவர், அவர்களுள் இருவர் விற்க இசையவில்லை. இதனைத் தம்பியே சொன்னார். பணம் கொடுக்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார். மூத்த தரகர் மறுநாளே அவரைத் தம்முடன் சேர்க்க மறுத்துவிட்டார் எனப் பின்னர் அறிந்தோம்.

நிலம் வாங்கப்படவில்லை. உறவினரோ, வாங்கினால் அத்தம்பியின் மூலமே வாங்குவேன் என்கிறார். நாமும் மறுக்கவில்லை, ஆனால் வழக்கறிஞர் நம் தரப்பில் தனியே இருக்க வேண்டும் என்றோம், அதற்குத் தம்பி உடன்பட்டார். சென்ற திங்கள் பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காணியின் மூலப் பத்திர நகலை அனுப்பியிருக்கின்றார். பழைய கையெழுத்து, மை மங்கியுள்ளது. எல்லை கூறும் பகுதியில் மேற்கே காடு என இருக்கின்றது; அது யாருடைய காடு என வனத்துறையிடம் கேட்டு வருமாறு அவரையே அனுப்பியுள்ளோம்.