வேக ரயில் எல்லோருக்கும் அல்ல: இத்தாலியில் ஊர் சுற்றும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈஸ்டர் விடுமுறை நெருங்கினால் மிலானிலும் பதோவாவிலும் போலோனியாவிலும் படிக்கும் நம் பிள்ளைகள் பயணத் திட்டங்களை அனுப்பி, “அண்ணா, சரியா இருக்கா பாருங்க” என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே திட்டம்தான். ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலான். நடுநடுவே சிவப்பு நிற வேக ரயில். ஏன் அந்த ரயில் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். பெட்டிக்குள் இருக்கும் திரை 300 கிலோமீட்டர் வேகம் காட்டுவதை சீனியர் ஒருவர் படமெடுத்துப் போட்டிருந்தார் என்பார்கள். அல்லது, “பஸ்ஸெல்லாம் வேண்டாம், நல்ல ரயிலாப் பார்த்துப் போ” என்று ஊரிலிருந்து அப்பா சொல்லிவிட்டார் என்பார்கள். போகிற ஊர் மேட்டில் இருக்கிறதா, ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கிறதா, தனக்கு மலைப்பாதையில் தலை சுற்றுமா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினீயரிங்கில் சேர்ப்பது போலத்தான் இங்கே ரயில் டிக்கெட்டும் எடுக்கப்படுகிறது.

யோசிக்கத் தேவையில்லாத வழிகள்

சில இடங்களுக்குக் குழப்பமே வேண்டாம். மிலானிலிருந்து ரோமுக்கு வேக ரயில் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடும். பஸ்ஸில் ஒரு பகல் முழுவதும் கழியும். ரோமிலிருந்து நேப்பிள்ஸும் அப்படித்தான். சிங்குவே தெர்ரே என்னும் ஐந்து கடலோர கிராமங்களுக்கு லா ஸ்பெசியாவிலிருந்து ரயில்; ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமம் சில நிமிடப் பயணம். வெனிஸுக்கும் ரயில்தான். ஆனால் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள், அது கரையில் இருக்கிற ஊர். தண்ணீரின் மேல் போகும் பாலத்தைக் கடந்து சாந்தா லூசியாவில் இறங்க வேண்டும்.

அமால்ஃபி கடற்கரைக்கு ரயில் பாதையே கிடையாது. சொரெந்தோவிலிருந்தோ சலெர்னோவிலிருந்தோ பஸ். சொரெந்தோவில் ஏறினால் வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். பொம்பேயின் இடிபாடுகளைப் பார்க்க நேப்பிள்ஸிலிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் ஏறி, ‘பொம்பேய் ஸ்காவி’ நிறுத்தத்தில் இறங்குங்கள். வாசல் எதிரிலேயே இருக்கும்.

வேக ரயில் என்ற மயக்கம்

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன நீண்ட தூரங்களைத் தவிர்த்துவிட்டால், இத்தாலியில் மாணவர்களின் பணத்தை வீணடிப்பதில் இந்த வேக ரயிலை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஜன்னலிலிருந்து தொடங்குவோம். போலோனியாவிலிருந்து ஃப்ளாரன்ஸுக்குப் போகும் வேகப் பாதை 2009 இறுதியில் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 78 கிலோமீட்டர். அதில் 73 கிலோமீட்டர் சுரங்கம். அப்பென்னைன் மலைத்தொடரையே குறுக்கே கடக்கிறீர்கள், ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரிவது உங்கள் முகம் மட்டும். நாற்பது நிமிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மறுக்கவில்லை. அலுவலக வேலையாகப் போகிறவருக்கு அது வரப்பிரசாதம். ஊர் பார்க்க வந்தவருக்கு?

அடுத்தது கட்டணம். வேக ரயில் டிக்கெட் விமான டிக்கெட்டின் குணம் கொண்டது. முன்கூட்டி வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். அந்த மலிவு டிக்கெட்டுகளைப் பெரும்பாலும் மாற்றவும் முடியாது, பணம் திரும்பப் பெறவும் முடியாது. அரசு நிறுவனத்தின் ஃப்ரெச்சா ரோஸாவும், 2012இல் வந்த தனியார் ரயிலான இத்தாலோவும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. தவறான ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டு, டிக்கெட் பரிசோதகர் வந்ததும் விழிக்கும் நம் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

‘ரெஜியோனாலே’ என்று பலகையில் போட்டிருக்கும் சாதாரண ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை. இருக்கை முன்பதிவு கிடையாது. பதோவாவிலிருந்து வெனிஸ் போக வேக ரயிலுக்குப் பணம் கட்டுகிறவர்கள், சில நிமிடங்களை மிச்சம் பிடிக்கப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து பீசாவுக்குச் சாதாரண ரயிலே சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது, சுமார் பத்து யூரோவில்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரெஜியோனாலே காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும்.  இல்லாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் உண்டு.

மூன்றாவது, போலோனியா ஸ்டேஷன். அங்கே வேக ரயில்கள் பல, தரைக்கு வெகு ஆழத்தில், 2013இல் திறந்த தனிப் பிளாட்ஃபாரங்களில் நிற்கின்றன. எஸ்கலேட்டர்களில் மேலே வந்து, கிழக்கிலோ மேற்கிலோ ஒதுங்கி இருக்கும் சாதாரண ரயிலின் பிளாட்ஃபாரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வண்டி போயிருக்கும். இருபது நிமிட இடைவெளியாவது இல்லாமல் அங்கே ரயில் மாறும் திட்டம் போடாதீர்கள்.

நான்காவது காரணம்தான் எனக்கு முக்கியம். வேக ரயில் போகிற ஊர்களுக்குத்தான் நீங்களும் போவீர்கள். நடு இத்தாலியின் பழைய ஊர்கள் குன்றுகளின் உச்சியில் கட்டப்பட்டவை. படையெடுப்புக்கும், பள்ளத்தாக்கின் சதுப்புக் காய்ச்சலுக்கும் பயந்து மேலே ஏறியவர்கள் கட்டியவை. ரயில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்குச் சமதளம் வேண்டும், பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகும். அதனால் ஊர் மேலே, ஸ்டேஷன் கீழே. அசிசியின் ஸ்டேஷன் கீழே சாந்தா மரியா தெல்லி ஆஞ்சலியில் இருக்கிறது; இறங்கியதும் உள்ளூர் பஸ்ஸைப் பிடித்து மேலேற வேண்டும். ஒர்வியெத்தோவில் ஸ்டேஷன் வாசலிலிருந்து கம்பிவடத்தில் இழுக்கப்படும் வண்டி மேலே கொண்டுபோகும். உர்பீனோவுக்கு வந்த ரயில் பாதை 1987இல் நின்றே போனது. ஓவியர் ரஃபாயேல் பிறந்த ஊருக்குப் போக இன்று பெசாரோவில் இறங்கி பஸ் ஏறுவதுதான் வழி. ரயில் வரைபடத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

இந்த மயக்கத்தின் உடன்பிறப்பு ‘பாஸ்’. அங்கே போய்த் திண்டாட வேண்டாம், எல்லாம் இங்கிருந்தே கட்டிவிடலாம் என்று பெற்றோர் வாங்கிக் கொடுப்பது. யூரெயில் பாஸ் ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கானது. தங்கும் அனுமதியோடு இத்தாலியில் படிப்பவர் இத்தாலியில் வசிப்பவர்; அவருக்கு உரியது இன்டர்ரெயில். அதை வைத்துக்கொண்டு சொந்த நாட்டுக்குள், அதாவது வசிக்கும் நாட்டுக்குள், இஷ்டம்போல் சுற்ற முடியாது; நாட்டைவிட்டு வெளியேற ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். சுற்றுலாவுக்கு வரும் பெற்றோரே யூரெயில் வாங்கினாலும் ஃப்ரெச்சா ரோஸாவில் ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். சாதாரண ரயிலின் கட்டணமோ ஏற்கெனவே குறைவு. ஆகவே இத்தாலியை மட்டும் சுற்றுகிறவருக்குப் பாஸ் கட்டுபடியாவது அபூர்வம்.

பஸ் எங்கே ஜெயிக்கிறது

ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனா நல்ல உதாரணம். ரயிலில் ஒன்றரை மணி நேரம்; இறங்கினால் ஊர் தலைக்கு மேலே இருக்கும், எஸ்கலேட்டர் எஸ்கலேட்டராக ஏற வேண்டும். சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷன் பக்கத்தில் ‘ராப்பிதா’ பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய ஊரின் விளிம்பிலேயே இறக்கிவிடும். கோபுரங்களுக்குப் பெயர்போன சான் ஜிமிஞ்யானோவுக்கு ரயிலே இல்லை. பொஜ்ஜிபோன்சியில் இறங்கி பஸ். தொலொமித்தி மலையில் கொர்த்தீனாவுக்குப் போன சிறு ரயில் 1964இல் மூடப்பட்டது. இன்று அங்கே பஸ்தான் ராஜா. சிசிலியில் கத்தானியாவிலிருந்து பலெர்மோவுக்கும் பஸ்ஸே விரைவு. மத்தேராவுக்கு பாரியிலிருந்து தனி நிறுவனத்தின் குறுகிய பாதை ரயில் போகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்று முன்பே பாருங்கள், இல்லாவிட்டால் பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் பயணத்தின் கண்டம். கால அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்றிருந்தால் திங்கள் முதல் சனி வரை. ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் விடுமுறை நாட்களும். ‘ஸ்கொலாஸ்திகோ’ என்றால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். கிராமத்துப் பஸ்கள் பல பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஓடுகின்றன, கோடையில் மறைந்துவிடும். காலையில் போகும் பஸ்ஸைப் பார்ப்பதற்கு முன் மாலையில் திரும்பும் கடைசிப் பஸ்ஸைப் பாருங்கள். டிக்கெட்டை ‘T’ பலகை மாட்டிய தபாக்கி கடையில் முன்பே வாங்கி வையுங்கள். மதியம் கடை மூடிவிடுவார்கள்.

இரவு பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிலானிலிருந்து ரோமுக்குச் சில யூரோவில் இரவோடு இரவாகப் போய், விடுதி வாடகையையும் மிச்சப்படுத்தியதாகச் சொல்லும் சூரர்கள் உண்டு. அந்தப் பஸ்கள் மிலானில் புறப்படுவது லம்புஞ்யானோவில், ரோமில் நிற்பது திபுர்த்தினாவில். ஃப்ளாரன்ஸில் பல நிற்பது நெடுஞ்சாலை ஓரத்து வில்லா கொஸ்தான்சாவில். அகால நேரத்தில் இறங்கினால் டிராம் ஓடத் தொடங்கும்வரை குளிரில் நிற்க வேண்டும். உட்கார்ந்தபடியே தூங்க வருகிறவர் போகலாம். வராதவர் மறுநாள் சிஸ்டைன் சேப்பலில் கூரையைப் பார்க்காமல் கொட்டாவி விடுவார்.

யாருக்கு எது

என்னைக் கேட்டால், பெசாரோவிலிருந்து அங்கோனா வரை ரெஜியோனாலேயில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து போவதற்கு ஈடு வேறில்லை. தண்டவாளத்துக்கும் அட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவே பல இடங்களில் மணல் மட்டுமே இருக்கும். பக்கத்தில் மளிகைப் பையோடு ஒரு பாட்டி உட்கார்ந்து எந்த ஊர் என்று விசாரிப்பார். இத்தாலிய வகுப்பில் கற்றது நாலு வாக்கியம் என்றாலும் அங்கே செலவாகும். வேக ரயிலில் எல்லோரும் மடிக்கணினியைத் திறந்துவிடுவார்கள்.

ஆனால் என் ருசி உங்கள் ருசியாக இருக்க வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவில் குமட்டுகிறவர் அமால்ஃபி பஸ்ஸில் ஏறி அவதிப்படுவதைவிட, கோடையில் சலெர்னோவிலிருந்து படகில் போகலாம். பெரிய பெட்டியோடு வந்தவர் இரண்டு முறை ரயில் மாறும் வழியைத் தவிர்க்கலாம். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர் வேக ரயிலையே எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். தோழர்கள் போகிறார்கள் என்பதற்காகவும், படத்தில் நன்றாக வரும் என்பதற்காகவும் ஏறுகிற வண்டிதான் வேண்டாம். தன் உடம்பும் தன் மனசும் எதற்குத் தோது என்று இருபது வயதில் கண்டுகொள்ளப் பழகுகிறவருக்கு, பிறகு எந்த வேலை, எந்த ஊர், எந்தத் துணை என்று முடிவெடுப்பதிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பொறுமை இன்னொன்று. இத்தாலியில் ‘ஷோப்பெரோ’ எனப்படும் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் முன்னறிவிப்போடு. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசியமான சாதாரண ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது ஏற்பாடு. அது தெரிந்தவர் அன்று விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார். தெரியாதவர் பலகையில் வரிசையாக ரத்து என்று வருவதைப் பார்த்துப் பதறி, கிடைத்த டிக்கெட்டை இரட்டை விலைக்கு வாங்குகிறார். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

ஆகவே இந்த விடுமுறைக்கு ஐந்து ஊர் வேண்டாம், இரண்டு போதும். முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அது மேட்டிலா சமவெளியிலா என்று வரைபடத்தில் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர் மையத்துக்கு எவ்வளவு நடை என்று அளந்து பாருங்கள். கடைசி வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு பஸ்ஸா ரயிலா என்ற கேள்விக்கு அந்த ஊரே பதில் சொல்லிவிடும். அப்பா கேட்டால் அந்தக் காரணங்களை வரிசையாக எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறது என்று தெரிந்தால், பஸ் என்றாலும் சரி என்று சொல்லிவிடுவார்.