ஒரு டாலர் மருந்தும் அரை ஆயுட்காலமும்

அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள் என்று படித்திருப்பீர்கள். எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால் பங்கு. உடலுக்குள் செல்லும் பல மருந்துகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை அகற்றும் வேகம், அந்நேரம் இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். 1970களில் ஹாங்காங் அரசு தொடங்கிய ஒரு மருத்துவத் திட்டம் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.

நம் சமையலில் சேரும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அபினிலுள்ள மார்ஃபினிலிருந்து செய்யப்படுவது ஹெராயின். உடலுக்குள் போனதும் அது விரைவில் மறுபடி மார்ஃபினாக மாறுகிறது. மூளையில் இப்பொருள்கள் பூட்டில் சாவி போலப் பொருந்தும் ஏற்பிகள் உண்டு என்பது 1973இல் சோதனை மூலம் காட்டப்பட்டது. பல மாதம் பழகிய மூளை, அப்பொருள் இல்லாமல் இயங்க இயலாதபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. அளவு குறைந்தால் உடல்வலி, வாந்தி, நடுக்கம், உறக்கமின்மை. இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். மார்ஃபினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 3 மணி என்று கொள்க. 24 மணியில் எட்டு முறை பாதியாகும். எஞ்சுவது 256இல் ஒரு பங்கு. ஆகவே நோயாளி ஒரே நாளில் பலமுறை மயக்கத்துக்கும் வேதனைக்கும் இடையே ஊசலாடுகிறார். வேலை, படிப்பு எதுவும் நடவாது.

மெத்தடோன் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான செயற்கை மருந்து. அதுவும் அதே ஏற்பிகளில்தான் பொருந்துகிறது. ஆனால் அதன் அரை ஆயுட்காலம் சராசரியாகச் சுமார் 24 மணி. தினம் ஒரு வேளை குடித்தால், மறுநாள் பாதி எஞ்சியிருக்க, அதன்மேல் புதிய வேளை சேரும். 1 + 1/2 + 1/4 + ... என்ற பெருக்குத் தொடரின் கூடுதல் 2 அல்லவா? சில நாளில் உடலிலுள்ள அளவு ஒரு வேளைக்கும் இரு வேளைக்கும் இடையே நிலைபெறுகிறது. வேதனை இல்லை, முறையான அளவில் போதையும் இல்லை. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்னும் மருத்துவர்கள் 1960களில் இதைச் செய்து காட்டினர்.

ஹாங்காங்கில் 1972இல் சிறு முயற்சியாகத் தொடங்கி, பிறகு நகரெங்கும் அரசு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒருமுறை வந்து குடிக்கக் கட்டணம் ஒரு ஹாங்காங் டாலர்! வேலைக்குச் செல்வோர் மாலையிலும் வரலாம். ஊழியர் கண்ணெதிரே குடித்தாக வேண்டும். மருந்து தெருவில் விலைபோகாதிருக்க இந்த ஏற்பாடு. சமூகப் பணியாளர்கள் ஆலோசனையும் தந்தனர். ஊசியைப் பகிர்வது குறைந்ததால், ஆசிய நகரங்கள் பலவற்றில் ஊசி வழியே எச்.ஐ.வி. பரவிய காலத்திலும் ஹாங்காங்கில் அது குறைவாகவே இருந்தது.

“ஒரு போதைக்கு மற்றொன்றா?” என்று கேட்போர் உண்டு. நீரிழிவு நோயாளி தினம் இன்சுலின் போடுவதை நாம் அப்படிக் கேட்பதில்லை.

ஆனால் மேற்சொன்ன தொடரில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. முதல் நாள் சரியாகத் தோன்றிய அளவு நான்காம் நாள் ஏறத்தாழ இருமடங்காகி மூச்சையே நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் மருத்துவர் மிகக் குறைவாகத் தொடங்கி மெல்ல உயர்த்துகிறார். அரை ஆயுட்காலம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுவதும் உண்டு. ஒருவருக்கு அது 48 மணி எனில் எத்தனை வேளை அளவு உடலில் சேரும்? போட்டுப் பாருங்கள். விடை மூன்றுக்கு மேல் வரும்.