முதலும் தொடக்கமும் பாயிரமும்
(சைவாசிரியர்களுக்கு)

சைவபாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. சொல்லின் பொருளை நெகிழவிட்ட ஆசிரியன் சமயத்தின் பொருளையும் நெகிழவிடுவான். இதற்கு ஓர் உதாரணங் காட்டி மேற்செல்வாம்.

ஒரு பாடசாலையிலே ஆறாம் வகுப்பிற் சமயபாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர், "சிவபெருமானே உலகுக்கு முதல்வர், அவர் அநாதியானவர்" என்று கற்பித்தார். அப்பொழுது ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, முதல் என்றால் தொடக்கம் என்று தமிழ்ப் பாடத்திலே சொன்னீர்கள். அநாதி என்றால் தொடக்கமில்லாதது என்று இப்போது சொல்லுகின்றீர்கள். தொடக்கமில்லாதவர் தொடக்கமாவது எப்படி?" என்று வினாவினான். ஆசிரியர், "பெரியோர் சொன்னதை ஏற்றுக்கொள், இரு" என்று அவனை இருத்திவிட்டார். மாணாக்கன் இருந்தான், அவனுடைய ஐயமும் இருந்தது. அவ்வாசிரியர் பிறரல்லர், இதனை எழுதும் யாமே. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கின்றோம்.

பிழை சமயபாடத்தில் நிகழ்ந்ததன்று. தமிழ்ப் பாடத்தில் நிகழ்ந்தது. முதல், ஆதி, தோற்றம், ஆரம்பம், தொடக்கம் என்னுஞ் சொற்களை ஒரே வரியில் எழுதி, "இவையெல்லாம் ஒருபொருட் சொற்கள்" என்று மாணாக்கருக்குக் கொடுத்ததே அப்பிழை. இவை ஒன்றற்கொன்று அயலிலே நிற்பனவேயன்றி ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பனவல்ல. முன்னிற்பது வேறு, முதலாவது வேறு, தொடங்குவது வேறு. இவ்வேறுபாட்டையே இங்கே ஆராய்வாம்.

1. முதல்

முதல் என்னுஞ் சொற்கு நான்கு பொருள்களை மாணாக்கர் தெளிதல் வேண்டும்.

முதலாவது, வரிசையில் முன்னிற்றல். "முதலாம் வகுப்பு", "முதற் பாட்டு" என்பன இதற்கு உதாரணம். இரண்டாவது, கால இட எல்லை. "நேற்று முதல்", "வீடு முதற் கோயில் வரை" என்பன காண்க. மூன்றாவது, ஒன்றற்கு நிலைக்களமாய் இருப்பது. வணிகன் கடையில் இட்ட பொருளை முதல் என்கின்றோம். ஊதியம் அதிலிருந்து வருகின்றது. மரம் முதல், கிளை சினை என்று இலக்கணம் பகுப்பதும் இப்பொருள் பற்றியே. "தாமரை போலும் முகம்" என்னுமிடத்துக் கொடியின் பெயர் அதன் சினையாகிய பூவுக்கு ஆதலின் அதனை முதலாகுபெயர் என்கின்றோம். நான்காவது, தொழிற்குத் தலைமை. "குயவன் குடத்தை வனைந்தான்" என்பதிலே குயவன் வினைமுதல். முதல்வன் என்னும் பெயர் இப்பொருளிற் பிறந்தது.

பின்னிரண்டு பொருளிலும் காலம் என்பது சிறிதும் இல்லை. கிளை இன்று முளைத்தது, மரம் முன்னே முளைத்தது என்பது பற்றி மரத்தை முதலென்றாரல்லர்; கிளை மரத்தைப் பற்றி நிற்றலின் அவ்வாறு கூறினர்.

இனிச் சித்தாந்தத்திலே குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று கற்பிக்கின்றோம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். "இறைவன் உலகுக்கு முதல்வர்" என்று காலையிற் சொல்லி, "உலகுக்கு மாயையே முதல்" என்று மாலையிற் சொன்னால் மாணாக்கன் மயங்கானோ? மூன்றாம் பொருளால் மாயை முதல். நான்காம் பொருளால் இறைவன் முதல். வணிகன் வேறு, அவன் இட்ட முதல் வேறு என்று ஒருமுறை சொன்னாற் சிறுபிள்ளையும் இதனை விளங்கிக்கொள்ளும்.

2. ஆதியும் அநாதியும்

ஆதி வடசொல். ஆதி என்பது முதல் எனவும் படும். தொடக்கம் எனவும் படும். அநாதி என்பதிலே மறுக்கப்படுவது தொடக்கமே, தலைமையன்று. ஆகவே இறைவன் ஆதியாயும் அநாதியாயும் இருத்தல் முரணன்று. உலகு தோன்றுதற்கு வினைமுதலாதலின் ஆதி. தனக்கு ஒரு தோற்றக்காலம் இன்மையின் அநாதி.

அநாதி என்பது இறைவனுக்கே உரிய அடைமொழி என்று மாணாக்கர் எண்ணிவிடுதலும் உண்டு. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தத் துணிபு. ஆன்மாவும் அநாதியே, ஆயினும் அது முதலன்று. தொடக்கமின்மை மூன்றுக்கும் பொது; முதன்மை பதிக்கே சிறப்பு. இவ்வொரு வாக்கியத்தாலே முதலும் தொடக்கமும் வேறு என்பது நிலைபெறும்.

சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒடுக்குந் தொழிலைச் செய்பவரையே முதற்கடவுளாக நிறுவுகின்றது. எல்லாம் ஒடுங்கிய வழியும் ஒடுங்காது நிற்பவர் அவரே. மீளத் தோற்றுவிப்பாரும் அவரே. இறுதியைச் செய்பவர் முதலாகின்றார். அந்தாதி என்னும் பிரபந்தத்தை இதற்கு ஓர் எளிய ஒப்பாகக் காட்டலாம். ஒரு செய்யுளின் அந்தம் அடுத்த செய்யுளுக்கு ஆதியாகின்றது. காரைக்காலம்மையார் அருளிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் இவ்வாறு தொடுக்கப்பட்டது.

3. தோற்றமும் ஆரம்பமும்

தோற்றம் என்பது உள்ளது வெளிப்படுதல். விதையினின்று முளை தோன்றுகின்றது. கிழக்கிலே ஞாயிறு தோன்றுகின்றது. இல்லாதது உண்டாயிற்று என்பது இச்சொல்லின் கருத்தன்று. குடம் மண்ணிலே சூக்குமமாய் உள்ளது. குயவன் அதனை வெளிப்படுத்தினான். இதனைச் சற்காரியவாதம் என்பர். இதுவே சைவசித்தாந்தத்துக்கும் உடன்பாடு.

ஆரம்பம் என்பதை உலக வழக்கிலே தொடக்கம் என்னும் பொருளில் வழங்குதல் குற்றமன்று; ஆரம்ப பாடசாலை என்று யாவரும் சொல்கின்றோம். ஆயினும் தருக்க நூல்களிலே ஆரம்பவாதம் என்பது, காரியம் முன்னே இல்லாதிருந்து புதிதாக உண்டாகின்றது என்னும் நையாயிக வைசேடிகர் கொள்கையைக் குறிக்கும். ஆதலின் சமயபாடத்திலே "உலகத் தோற்றம்" என்று சொல்லுக. "உலக ஆரம்பம்" என்று சொல்லற்க. பின்னர் மேல்வகுப்பிலே அம்மாணாக்கன் சித்தாந்த நூல் ஓதும்போது, முன் கற்றதை மறந்து புதிதாகக் கற்கவேண்டிய வருத்தம் அவனுக்கு இராது.

4. தொடங்குதலும் தொடக்குதலும்

தான் ஒரு செயலில் முற்படுதல் தொடங்குதல். பிறரை முற்படுத்துதல் தொடக்குதல். நம் நாட்டிலே விசயதசமியிலும் தைப்பூசத்திலும் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். "ஏடு தொடங்குதல்" என்னாது "ஏடு தொடக்குதல்" என்று வழங்கிய நம் முன்னோர் கருத்தை உற்றுநோக்குக. பிள்ளை தானே தொடங்குவதில்லை. அதன் கையைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார்.

தொடக்கு என்பதற்குக் கட்டுதல் என்னும் பொருளும் உண்டு. பேச்சு வழக்கிலே ஆசௌசத்தைத் துடக்கு என்கின்றோமன்றோ? கன்றைக் கயிறு தொடக்குவதுபோல, ஏடு தொடக்கிய ஆசிரியர் பிள்ளையைக் கல்வியோடு பிணிக்கின்றார் என்று இரு பொருளையும் இயைத்துச் சொன்னால் மாணாக்கர் மறவார்.

5. பாயிரமும் அதன் பெயர்களும்

இதுகாறும் பொருளின் தொடக்கத்தைக் குறிக்குஞ் சொற்களைப் பார்த்தோம். நூலின் தொடக்கத்தைக் குறிக்குஞ் சொற்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு.

நூலுக்கு முன் வைக்கப்படுவது பாயிரம். நன்னூலார் பாயிரத்துக்கு வேறு ஏழு பெயர் தந்தனர். அவற்றைக் கருத்துப் பற்றி வகுப்பாம். இடம் பற்றி வந்தன இரண்டு: நூலுக்கு முகம்போல் இருப்பது நூன்முகம், முன்னே உரைக்கப்படுவது முகவுரை. அழகு பற்றி வந்தன இரண்டு: அணிந்துரை, புனைந்துரை, நூலின் பெருமையை விளக்கி அலங்கரித்தல் இவற்றின் தொழில். நூற்பொருளுக்கு அயலாதல் பற்றி வந்தன இரண்டு: நூலின் புறத்தே நின்று உரைப்பது புறவுரை, நூலில் இல்லாததைக் கொணர்ந்து தந்து உரைப்பது தந்துரை. எஞ்சிய பதிகம், பலவகைப் பொருளையுந் தொகுத்துச் சொல்வது. சிலப்பதிகாரத்துக்கும் மணிமேகலைக்கும் முன்னிற்கும் பதிகம் இப்பொருளது. தேவாரப் பதிகமோ பத்துப் பாட்டால் ஆயது பற்றி வந்த பெயர். இரண்டையும் ஒன்றென மாணாக்கர் மயங்காமற் காக்க.

பாயிரம் முன்னிற்பினும் நூலுக்கு முதலன்று. நூல் முடிந்த பின்னரே பெரும்பாலும் அஃது எழுதப்படும். அதுவும் பிறரால் எழுதப்படும். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரஞ் செய்தவர் பனம்பாரனார். தன் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்போருள் ஒருவர் சிறப்புப்பாயிரஞ் செய்தல் முறை என்றும், தன்னைத் தான் புகழ்தல் தகாது என்றும் நன்னூல் விதிக்கின்றது. இக்காலத்து அச்சு நூல்களிலே ஆசிரியர் முன்னுரையும், வேறொருவர் அணிந்துரையும், பதிப்பித்தவர் பதிப்புரையும் எழுதுதல் அம்முறையின் வழிவந்ததே. தன் நூலுக்குத் தானே அணிந்துரை எழுதினேன் என்பவன் சொல்லின் பொருளையும் அறியான், மரபையும் அறியான்.

பதிப்புரைக்கு நம் நாட்டவர் ஒருவரே சிறந்த உதாரணம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1881ஆம் ஆண்டிலே வீரசோழியத்தையும் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையையும் அச்சிட்டபோது, நூலின் வரலாற்றோடு ஏட்டுச் சுவடிகள் அழிந்தொழியும் பரிதாபத்தையும் பதிப்புரையிலே எடுத்துரைத்தார்கள். நூலில் இல்லாத பொருள். ஆயினும் நூல் நிலைத்தற்கு வேண்டிய பொருள். புறவுரையும் தந்துரையும் ஆவன இத்தகையனவே.

6. காப்பு, வாழ்த்து, அவையடக்கம்

இம்மூன்றும் நூலின் முன் அடுத்தடுத்து நிற்றலின் ஒன்றாக எண்ணப்படும். காப்பு, இடையூறு வாராமற் காக்குமாறு வேண்டுவது. பெரும்பாலும் விநாயகர் மேலது. வாழ்த்து, வேண்டுதல் யாதும் இன்றியும் இறைவனைப் போற்றுவது. அவையடக்கம், கற்றோர் அவையை நோக்கிப் புலவன் பணிந்து கூறுவது. சேக்கிழார் பெருமானும் பெரியபுராணத்திலே இதனைச் செய்தருளினார். ஒன்று வேண்டுதல், ஒன்று போற்றுதல், ஒன்று பணிதல் என்று கொள்க.

காப்பு என்றால் முன்னிற்பது என்று விதியும் இல்லை. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருடைய பதிகத்தின் இறுதிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்கின்றோம். ஓதுவார் பெறும் பயனைக் கூறி முடிவிலே நின்று காத்தலின் அதற்கு அப்பெயர் தகும்.

7. வகுப்பிலே செய்யத்தக்கன

சொற்களைப் பட்டியலாக மனனஞ் செய்வித்தலாற் பயன் சிறிது. வாக்கியத்தில் வைத்துப் பழக்குக. இவ்வினாக்கள் அதற்கு உதவும். இடைவெளியை உரிய சொல்லால் நிரப்புமாறு கேட்க.

(க) வணிகன் ஆயிரம் ரூபாவை ....... ஆக இட்டு வியாபாரத்தைத் ....... .
(உ) பாட்டனார் பேரனுக்கு ஏடு ....... .
(ங) விதையினின்று முளை ....... .
(ச) ஆன்மா ....... ; ஆயினும் உலகுக்கு ....... அன்று.
(ரு) நூலைப் பதிப்பித்தவர் எழுதியது ....... .

விடைகள் முறையே: முதல், தொடங்கினான், தொடக்கினார், தோன்றியது, அநாதி, முதல்வன், பதிப்புரை.

கட்டுரை எழுதும் மாணாக்கர் முகவுரையிலே காலமெல்லாம் போக்கி, பொருளைச் சொல்லாது விடுதல் நாம் நாடோறுங் காண்பது. பொருளை முன்னர் எழுதி, முகவுரையைப் பின்னர் எழுதுமாறு பழக்குக. முன்னிற்பது முன்னே பிறக்கவேண்டும் என்பதில்லை என்பதை அப்பயிற்சியாலே தாமாக உணர்வர்.

ஐயங் கேட்ட மாணாக்கனை அன்று இருத்திய பிழையை எம்மால் இன்று நீக்கல் இயலாது. இதனை வாசிக்கும் ஆசிரியர்களுடைய வகுப்பில் அவனை ஒத்த ஒருவன் எழுவானாயின் அவனை இருத்தாதிருப்பீராக. "நல்ல வினா, முதல் வேறு, தொடக்கம் வேறு" என்று கூறி, மரத்தையும் கிளையையும், வணிகனையும் அவன் இட்ட முதலையும் காட்டுவீராக. அவ்வினா சமயத்தை மறுக்க எழுந்ததன்று. சமயத்தை அறிய எழுந்தது. அதற்கு விடை கூறும் பொழுதே அவனுக்குச் சித்தாந்தத்தில் ஏடு தொடக்குகின்றீர்கள் என்று அறிக.